ஒரே மேஜையில் இரண்டு சர்வேக்கள்

கியூஜிஐஎஸ் மென்பொருளைத் திறந்து புதிய புராஜெக்ட் ஒன்றைத் தொடங்கினால், திரையின் வலது கீழ் மூலையில் சின்னதாக ஓர் எண் தெரியும்: இபிஎஸ்ஜி:4326. புதிதாகக் கற்க வரும் பிள்ளைகள் முதலில் அதைக் கவனிப்பதில்லை. படத்தை ஏற்ற வேண்டும், நிறம் கொடுக்க வேண்டும், ஊர்ப் பெயர் எழுத வேண்டும் என்ற ஆசைதான் முந்திக்கொண்டு வரும். அந்த ஆசை நல்லது. ஆனாலும் நான் என் வகுப்பை அந்த மூலையிலிருந்துதான் தொடங்குகிறேன். நாம் போடப்போகும் கோடு பூமியில் எந்த இடத்தில் விழும் என்பதை முடிவுசெய்வது அந்த எண். அதற்குப் பின்னால் இருநூறு ஆண்டு உழைப்பு இருக்கிறது. அந்த உழைப்பில் ஒரு பெரும் பங்கு நம் பரங்கிமலை அடிவாரத்தில் தொடங்கியது.

சர்வே அலுவலகத்தில் டிராஃப்ட்ஸ்மேனாகப் பல வருடம் மைப் பேனா பிடித்தவன் நான். இப்போது மதுரையில் கல்லூரிப் பிள்ளைகளுக்கும், தங்கள் ஊர்க் கண்மாயைப் படமாக்க வரும் இளைஞர்களுக்கும் ஜிஐஎஸ் (புவியியல் தகவல் அமைப்பு) சொல்லிக்கொடுக்கிறேன். இந்த இரண்டு வேலையையும் செய்ததில் எனக்கு ஒன்று தெளிவானது. நம் மண்ணில் இரண்டு சர்வேக்கள் நடந்திருக்கின்றன. ஒன்று பூமியின் வடிவத்தை அறிய மலையுச்சிகளை அளந்தது. மற்றொன்று வரி விதிக்க வயல்களை அளந்தது. ஒன்றின் கணக்கு மற்றொன்றின் காகிதத்தில் தெரிவதில்லை. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கும் வசதி சாதாரண மனிதனுக்குக் கிடைத்தது மேஜைக் கணினி வந்த பிறகுதான்.

முதல் சர்வேயின் கதையைச் சென்னையிலிருந்து சொல்ல வேண்டும். 1794-ல் மைக்கேல் டாப்பிங்கின் முயற்சியில் அங்கே எட்டு மாணவர்களோடு ஒரு சர்வே பள்ளி தொடங்கியது. பின்னாளில் கிண்டி பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது அதுதான். எட்டு ஆண்டு கழித்து, 1802 ஏப்ரல் 10 அன்று, வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். நீளம் ஏழரை மைல், அதாவது சுமார் 12 கிலோமீட்டர். அவரிடம் இருந்தது 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொடுக்க இங்கிலாந்திலிருந்து போன கருவிகளில் ஒன்றாக இருந்து, கைமாறி இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது அது.

அந்த அளவெடுப்பைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். சித்திரை வெயில். எஃகு சூட்டில் நீளும். நீண்டால் அளவு பிசகும். ஆகவே சங்கிலியைத் தரையில் போட்டு இழுக்கவில்லை. மட்டம் பார்த்து நிறுத்திய மரப்பெட்டிகளுக்குள் அதைக் கிடத்தி, கூடவே வெப்பமானிகளையும் வைத்து, ஒவ்வொரு 100 அடிக்கும் சூட்டைக் குறித்துக்கொண்டார்கள். ஏறத்தாழ 400 முறை சங்கிலியை எடுத்து வைத்து, 57 நாளில் அந்தக் கோட்டை முடித்தார்கள். அதற்குப் பிறகு சங்கிலிக்கு வேலை குறைவு. ஒரு பக்கத்தின் நீளம் தெரிந்துவிட்டால், இரண்டு முனையிலிருந்தும் தூரத்து மலையொன்றைப் பார்த்துக் கோணம் எடுத்து, மற்ற இரண்டு பக்கத்தையும் கணக்குப் போட்டே கண்டுபிடித்துவிடலாம். அந்த முக்கோணத்தின் ஒரு பக்கம் அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடாகும். இப்படியே முக்கோணம் முக்கோணமாக நாடு முழுவதும் போனார்கள்.

கோணம் எடுக்க லண்டனில் வில்லியம் கேரி செய்த தியோடலைட் வந்தது. அரை டன் எடை. வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்து மொரீஷியசுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். உள்ளே இருப்பது அறிவியல் கருவி என்று தெரிந்ததும் மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள். காவிரிப் படுகையில் மலை இல்லை, கண்ணுக்கெட்டிய வரை தென்னையும் பனையும்தான். அதனால் கோயில் கோபுரங்களின் மேல் அந்தக் கருவியை ஏற்றினார்கள். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி, கோணம் காட்டும் வட்டமே வளைந்துபோனது. வேறொருவராக இருந்தால் புதிய கருவிக்கு எழுதிப்போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார். லாம்டன் ஒரு கூடாரத்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு, ஆறு வாரம் ஆப்பும் திருகும் வைத்து அந்த வட்டத்தைப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். கருவியைத் தூக்கியவர்கள், மலையுச்சியில் கொடி நட்டவர்கள், காட்டுக் காய்ச்சலில் செத்தவர்கள் நம் ஊர்க்காரர்கள். வரைபடத்தின் ஓரத்தில் அவர்கள் பெயர் கிடையாது. என் வகுப்பில் அவர்களைச் சொல்லாமல் லாம்டனை மட்டும் நான் சொல்வதில்லை.

லாம்டன் 1823-ல் இறந்தார். வேலையைத் தொடர்ந்தவர் ஜார்ஜ் எவரெஸ்ட். கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து 78 பாகைத் தீர்க்கரேகையை ஒட்டி அப்போது மத்திய இந்தியா வரை எட்டியிருந்த அந்த அளவெடுப்பைக் கொண்டு, பூமி உருண்டையின் உருவத்தை எண்களாகக் கணக்கிட்டு 1830-ல் வெளியிட்டார். அவர் கணக்கில் நிலநடுக்கோட்டு ஆரம் 6377276 மீட்டர். இன்று செல்போன் ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 கணக்கில் 6378137 மீட்டர். வித்தியாசம் 861 மீட்டர்தான். சங்கிலியும் தியோடலைட்டும் மட்டும் வைத்து இவ்வளவு நெருங்கினார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

ஆனால் அந்தச் சிறு வித்தியாசம் இன்று கற்பவரின் மேஜையில் வந்து நிற்கிறது. அந்த மலையுச்சி அளவுகளின் மேல் உருவான பழைய அரசு நிலப்படத் தாள்கள், அதாவது டோப்போஷீட்டுகள், எவரெஸ்டின் உருண்டையில் வரையப்பட்டவை. அந்தத் தாளின் ஓரத்தில் அச்சிட்ட அட்சரேகை, தீர்க்கரேகையை அப்படியே டபிள்யூஜிஎஸ் 84 என்று கியூஜிஐஎஸ்ஸுக்குச் சொன்னால், நம் பகுதியில் படம் நூறு மீட்டருக்கும் மேல் தள்ளி விழும். கண்மாய்க் கரை வயலுக்குள் போய்விடும். மென்பொருள் தப்பு செய்ததாகப் பிள்ளைகள் நினைப்பார்கள். இரண்டு உருண்டைகளின் கதையைச் சொன்ன பிறகு, படத்துக்கு எந்த உருண்டை என்று அவர்களே தாளின் ஓரத்தில் தேட ஆரம்பிக்கிறார்கள்.

இரண்டாவது சர்வே நம் வீட்டுப் பெட்டிக்குள் இருக்கிறது. பட்டாவும் புலப்படமும் அதன் பிள்ளைகள். ரயத்துவாரி முறையில் அரசு நேராக விவசாயியிடம் வரி வாங்கியது. ஒவ்வொரு வயலின் அளவும் எல்லையும் தெரிந்தால்தான் வரி போட முடியும். 1858-லிருந்து சென்னை மாகாணத்தில் கிராமம் கிராமமாக அளந்தார்கள். இங்கே பயன்பட்டது வேறு சங்கிலி. 17-ஆம் நூற்றாண்டில் எட்மண்ட் கன்டர் வகுத்த 66 அடிச் சங்கிலி, அதில் 100 கண்ணி. பத்து சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். ஆகவே ஓர் ஏக்கர் ஒரு லட்சம் சதுரக் கண்ணி, ஒரு சென்ட் ஆயிரம் சதுரக் கண்ணி. மனை வாங்குபவர் இன்றும் சொல்லும் 435.6 சதுர அடி அந்தச் சங்கிலியிலிருந்து வந்த கணக்கு.

ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் ஒரு புலப்படம் உண்டு; அலுவலகத்தில் எல்லோரும் எஃப்எம்பி என்போம். புலத்தின் குறுக்கே கல்லுக்குக் கல் ஒரு நேர்கோடு. அந்தக் கோட்டில் நடந்துபோகும்போது வரப்பு வளையும் இடமெல்லாம் கிராஸ் ஸ்டாஃப் வைத்துச் செங்குத்தாக ஓர் அளவு. இத்தனை கண்ணி தூரத்தில் வலப்பக்கம் இத்தனை கண்ணி என்று எழுதிக்கொண்டே போவார்கள். அந்த எண்களை வைத்து யார் வேண்டுமானாலும் அந்த வயலை மறுபடி தாளில் வரையலாம், நிலத்தில் காணாமல்போன கல்லை மறுபடி நடலாம். புலங்களை ஒன்றுசேர்த்துக் கிராம வரைபடம் வரைந்தார்கள், மைலுக்கு 16 அங்குலம் என்ற அளவில். 1923-ஆம் ஆண்டின் சர்வே, எல்லைகள் சட்டம் இந்தக் கற்களுக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்தது.

ஆனால் அந்தக் கிராம வரைபடத்தில் அட்சரேகை, தீர்க்கரேகை எதுவும் அச்சாகியிருக்காது. பக்கத்து ஊர்ப் பெயர் ஓரத்தில் இருக்கும், வடக்கு எது என்று ஓர் அம்புக்குறி இருக்கும், அவ்வளவுதான். மறுபுறம் டோப்போஷீட்டில் பூமியின் கணக்கெல்லாம் இருக்கும், சர்வே நம்பர் ஒன்றுகூட இருக்காது. ஒன்றுக்கு இடம் தெரியும், நிலம் யாருடையது என்று தெரியாது. மற்றொன்றுக்கு வயல் தெரியும், அது உலகத்தில் எங்கே இருக்கிறது என்று தெரியாது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது இந்த இரண்டையும் சேர்க்க எங்களுக்கு ஒரே வழி இருந்தது. கண்ணாடி மேஜை, அடியில் டியூப் லைட், மேலே டிரேசிங் ஷீட். கிராம வரைபடத்தை பான்டோகிராஃபில் சுருக்கி, டோப்போஷீட்டின் மேல் நகர்த்தி நகர்த்தி ரோடும் கால்வாயும் பொருந்தும் இடத்தில் பின் குத்துவோம். ரோட்ரிங் பேனாவில் கோடு போடுவோம்; மழைக்காலத்தில் ஷீட் ஈரம் குடித்து நீளும், கோடு கோடோடு சேராது. பரப்பு எடுக்க பிளானிமீட்டர் முள்ளை எல்லை முழுக்க ஓட்டி, மறுபடி ஓட்டி, இரண்டுக்கும் சராசரி எடுப்போம். பிரதி எடுக்க அம்மோனியா அறை. அந்த நெடி மூக்கில் ஏறி வீடு வரை வரும். பொறுமையான, கௌரவமான வேலை அது. ஆனால் ஒரு வட்டத்துக்கு இப்படி ஒரு படம் முடிப்பதற்குள் வருடம் ஓடிவிடும். அதற்குள் நிலம் மாறியிருக்கும்.

இதே சிக்கலில்தான் ஜிஐஎஸ் பிறந்தது. ரோஜர் டாம்லின்சன் கனடாவில் ஆட்டவா நகரத்து வான்பட நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தார். கென்யாவில் காகித ஆலைக்கு மரம் வளர்க்க இடம் தேடும் வேலை வந்தது. மண், மழை, சரிவு, சாலை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் போட்டு ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கக் கையால் ஆகும் செலவு கட்டுபடியாகாது என்று தெரிந்தது. கணினியில் செய்தால் என்ன என்று யோசித்தார். 1962-ல் ஒரு விமானப் பயணத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், கனடா முழுவதற்கும் நில இருப்புக் கணக்கெடுக்கும் பொறுப்பிலிருந்த லீ பிராட். அந்தப் பேச்சிலிருந்து உருவானது கனடா புவியியல் தகவல் அமைப்பு. 1965-ல் ஹோவர்ட் ஃபிஷர் ஹார்வர்டில் ஆய்வுக்கூடம் தொடங்கினார். அவருடைய சைமாப் நிரல், லைன் பிரிண்டரில் எழுத்தின்மேல் எழுத்தை அடித்து இருட்டும் வெளிச்சமுமாகப் படம் போட்டது. அங்கே படித்த ஜாக் டேஞ்சர்மண்ட் 1969-ல் கலிஃபோர்னியாவின் ரெட்லேண்ட்ஸில் எஸ்ரி நிறுவனத்தைத் தொடங்கினார். அதே 1969-ல் இயான் மெக்ஹார்க் தன் நூலில், கண்ணாடித்தாள்களை அடுக்கி நிலத்துக்கு எது ஏற்றது என்று முடிவெடுக்கும் முறையை விளக்கினார். கணினியில் இன்று நாம் லேயர் என்பது அந்தக் கண்ணாடித்தாள்தான்.

பெரிய கணினியிலிருந்து மேஜைக்கு வந்தது 1990-களில். எஸ்ரியின் ஆர்க்வியூ வந்தபோது எங்களைப் போன்றவர்கள் வாய்பிளந்து பார்த்தோம். லைசென்ஸ் வாங்கப் பணம் இருந்த அலுவலகத்தில் மட்டும் அது இருந்தது, அதுவும் ஒரே ஒரு கணினியில். இன்னொரு பக்கம் அமெரிக்க ராணுவத்தின் கட்டுமான ஆய்வுக்கூடம் 1980-களில் எழுதிய கிராஸ் என்ற நிரல் பொதுச் சொத்தாக இருந்தது. ராணுவம் கைவிட்ட பிறகு பல்கலைக்கழகத்தினர் அதை எடுத்து வளர்த்து 1999-ல் யாரும் பயன்படுத்தி மாற்றிக்கொள்ளக்கூடிய ஜிபிஎல் உரிமத்தில் வெளியிட்டார்கள். 2002-ல் அலாஸ்காவில் கேரி ஷெர்மன், லினக்ஸில் படம் பார்க்க எளிய கருவி வேண்டும் என்று தானே எழுதத் தொடங்கியதுதான் கியூஜிஐஎஸ். அந்த ஜூலையில் வந்த முதல் பதிப்பால் போஸ்ட்ஜிஐஎஸ் தரவுத்தளத்தின் லேயர்களை மட்டும் காட்ட முடிந்தது. 2009-ல் 1.0 வந்தது, 2018-ல் 3.0. உலகெங்கும் சம்பளம் வாங்காமல் உழைத்தவர்கள் பலர். எந்தப் பிள்ளையிடமும் லைசென்ஸ் கேட்காமல் நான் வகுப்பு எடுக்க முடிகிறதென்றால் அவர்கள் போட்ட பிச்சை அது.

மூலையில் தெரியும் இபிஎஸ்ஜி எண்ணும் இந்தக் கூட்டு உழைப்பின் பகுதிதான். ஐரோப்பிய எண்ணெய் நிறுவனங்களின் சர்வேயர்கள் 1980-களில் ஒன்றுகூடி, உலகில் உள்ள ஆயத்தொலை முறை ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்துப் பட்டியல் போட்டார்கள். கடலுக்கடியில் ஒரே இடத்தைப் பற்றி இரண்டு நாட்டுக்காரர்கள் பேசும்போது குழப்பம் வரக்கூடாது என்பது அவர்கள் கவலை. 4326 என்றால் டபிள்யூஜிஎஸ் 84, அளவு பாகையில். ஆகவே அந்த முறையில் இருக்கும் கண்மாய்க்கு 100 மீட்டர் சுற்றுவட்டம் போட நினைத்து பஃபர் கருவியில் 100 என்று கொடுத்தால், அது 100 பாகை என்று எடுத்துக்கொள்ளும். மீட்டரில் வேலை செய்ய யூடிஎம் முறைக்கு மாற வேண்டும்.

இங்கே மதுரைக்காரர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. யூடிஎம் பூமியை ஆறு ஆறு பாகை கொண்ட வலயங்களாக வகுத்திருக்கிறது. 43-ஆம் வலயம் முடிந்து 44 தொடங்குவது 78 பாகையில். லாம்டனும் எவரெஸ்டும் ஒட்டிப்போன அதே ரேகை தற்செயலாக இன்று எல்லையாகிவிட்டது. அது எங்கள் மாவட்டத்தையே பிளக்கிறது: உசிலம்பட்டி, வாடிப்பட்டி, திருமங்கலம் 43-ல், மதுரை நகரமும் மேலூரும் 44-ல். 43-ஆம் வலயத்துக்கு இபிஎஸ்ஜி எண் 32643, 44-க்கு 32644. மதுரையின் 44-ஆம் வலய எண்களை 32643 என்று அறிவித்துவிட்டால், ஆறு பாகை மேற்கே தள்ளி மாடக்குளம் கண்மாய் அரபிக்கடலில், லட்சத்தீவுப் பக்கம் போய் மிதக்கும். ஆகவே தொடங்குகிறவர் எவரிடமும் நான் முதலில் சொல்வது: மாவட்டம் முழுவதற்கும் வேலை என்றால் 32644 என்று ஒன்றை முடிவுசெய்துகொண்டு, எல்லா லேயரையும் அதற்கு மாற்றிச் சேமியுங்கள்.

அடுத்த பாடம் ஜியோரெஃபரன்ஸ், அதாவது காகிதப் படத்தைப் பூமியில் அதற்குரிய இடத்தில் பொருத்துவது. இதில்தான் இரண்டு சர்வேயும் கைகோக்கின்றன. மேலூர்ப் பக்கத்து ஊர் ஒன்றின் கிராம வரைபடத்தை எடுத்துக்கொள்வோம். துணி ஒட்டிய பழைய தாள், மடிப்பில் மை உதிர்ந்திருக்கும். அதை மடிப்பு இல்லாமல் ஸ்கேன் செய்து, ஜியோரெஃபரன்சரில் ஏற்ற வேண்டும். பிறகு தாளிலும் வானிலிருந்து எடுத்த படத்திலும் ஒரே மாதிரி அடையாளம் தெரியும் இடங்களைத் தேட வேண்டும். பழைய கோயிலின் மதில் மூலை நல்லது. கண்மாயின் மடை நல்லது, கல்லில் கட்டிய மடை இடம் மாறாது. கலிங்கும் அப்படியே. மூன்று கிராமங்களின் எல்லை கூடும் இடத்துக் கல் கிடைத்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. வாய்க்கால் வளைவை நம்பக்கூடாது, அது நகர்ந்திருக்கும். புதிய ரோடு உதவாது. நான்கு மூலையிலும் நடுவிலுமாகப் புள்ளிகள் பரவியிருக்க வேண்டும். பிழை எத்தனை மீட்டர் என்று பட்டியலில் வரும். எந்தப் புள்ளி அதிகம் விலகுகிறதோ அங்கே நேரில் போய்ப் பார்க்க வேண்டும். படத்தை ரப்பர்போல இழுத்துப் பொருத்தும் முறையும் மென்பொருளில் இருக்கிறது. பிழையைச் சுழியாகக் காட்டும் அந்த முறையைத் தொடக்கத்தில் தொடவே வேண்டாம் என்பேன். பிழை தெரிய வேண்டும், தெரிந்தால்தான் திருத்தலாம்.

பொருந்திய பிறகு பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும். தாளில் நீலக் கோடாக இருந்த வரத்துக்கால், இன்றைய படத்தில் வீடுகளுக்கு அடியில் போவது தெரியும். கண்மாய்க்கு ஏன் தண்ணீர் வரவில்லை என்று ஊரில் பல வருடம் பேசிக்கொண்டிருந்த கேள்விக்குச் சர்வே நம்பரோடு பதில் கிடைக்கும். ஆனால் அங்கேயே ஓர் எச்சரிக்கையும் சொல்கிறேன். மைலுக்கு 16 அங்குலப் படத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது நிலத்தில் ஏறத்தாழ நான்கு மீட்டர். திரையில் எவ்வளவு பெரிதாக்கினாலும் அந்த நான்கு மீட்டர் போகாது. வரப்புத் தகராறைத் தீர்க்க இது உதவாது, அதற்குப் புலப்படமும் சர்வேயரும் வேண்டும். ஆக்கிரமிப்பு இருக்கிறதா என்று கேள்வி கேட்க இது போதும்.

தமிழில் பெயர் எழுதுபவர்களுக்கு இன்னொன்று. 1990-களில் எஸ்ரி கொண்டுவந்த ஷேப்ஃபைலை இன்றும் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். அதன் அட்டவணை பழைய டிபேஸ் வடிவம். பத்தித் தலைப்புக்குப் பத்து பைட்தான் இடம். யூனிகோடில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட் பிடிக்கும். ‘கண்மாய்’ என்ற தலைப்பே உள்ளே அடங்காது. கியூஜிஐஎஸ்ஸின் இன்றைய வழக்கமான வடிவமான ஜியோபேக்கேஜில் இந்தத் தொல்லை இல்லை. தொடங்கும்போதே அதில் தொடங்குங்கள். ஊர்ப் பெயரைத் தமிழிலேயே எழுதுங்கள்.

வரைபடம் அரசின் பெட்டிக்குள் பூட்டியிருந்த காலத்தில் வேலை பார்த்தவன் நான். கடற்கரை மாவட்டங்களின் டோப்போஷீட் சாதாரணமாக யார் கைக்கும் கிடைக்காது. 2005-ல் வந்த தேசிய வரைபடக் கொள்கை கதவைக் கொஞ்சம் திறந்தது. 2009-ல் இஸ்ரோவின் புவன் தளம் வந்தது. 2021 பிப்ரவரியில் வெளியான புதிய நெறிமுறைகள், இந்தியர்கள் நிலத்தை அளந்து படம் போட முன்அனுமதி தேவையில்லை என்று சொல்லிவிட்டன. மென்பொருளும் இலவசம், படமும் கிடைக்கிறது, உரிமையும் வந்துவிட்டது. இனி வேண்டியது அளந்தவனின் ஒழுக்கம்.

லாம்டன் ஒவ்வொரு சங்கிலி அளவோடும் சூட்டைக் குறித்து வைத்ததால்தான் பின்னால் வந்தவர்களால் அந்த அளவைச் சரிபார்க்க முடிந்தது. புலப்படம் போட்டவர் கண்ணிக் கணக்கை எழுதி வைத்ததால்தான் காணாமல்போன கல்லை இன்றும் நட முடிகிறது. கியூஜிஐஎஸ்ஸில் ஒவ்வொரு லேயருக்கும் மெட்டாடேட்டா என்றொரு பக்கம் இருக்கிறது. எந்த ஆண்டுத் தாள், எந்த இபிஎஸ்ஜி எண், எத்தனை மீட்டர் பிழை, எந்தக் கல்லைப் புள்ளியாக எடுத்தீர்கள் என்று அதில் எழுதுங்கள். நிலத்தைப் பற்றிப் பேசும் அதிகாரம் இதுவரை வரைபடம் வைத்திருந்தவரிடம் மட்டும் இருந்தது. கிராம சபையில் உங்கள் படத்தை விரித்து, கேட்கிறவர் ஒவ்வொருவருக்கும் இந்த நான்கு பதிலையும் சொல்ல முடிந்தால், அந்த அதிகாரத்தில் ஊருக்கும் ஒரு பங்கு வந்துவிடும்.